நெற்றியெழுத்தை வாசிக்காத சனிக்கிழமைகள்

பட்டாபிராமில், மிலிட்டரி சைடிங்குக்குப் போகிற தண்டவாளத்தை ஒட்டி அந்த வீடு. கீழ்ப்போர்ஷன் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருக்கும். கூட்ஸ் வண்டி போகிறபோது உள்ளேயிருந்து யாரும் தொடாமலே ஒரு சத்தம் வரும். காதில் கேட்பதைவிட அடிவயிற்றில்தான் அது அதிகம் கேட்கும். மரச்சட்டத்தில் தொங்குகிற பெரிய வெண்கலச் சேகண்டி, தரை அதிர்வதற்குத் தானும் சேர்ந்து அதிர்கிறது. ரயில் போன பிறகும் உடனே அடங்காது. எங்கள் பக்கத்தில் தெருவில் சேகண்டிச் சத்தம் கேட்டால் யார் வீட்டில் சாவு என்றுதான் முதலில் விசாரிப்போம். வண்டி வாடகை பேசப் போன முதல் நாள், கேட்டருகிலேயே நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன வண்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு உலகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் வண்டியில் ஏறின சாமானை வைத்துத்தான்.

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு மேடம். ஜாவா தீவில் பல வருஷம் தங்கி அந்த ஊர் தோல்பாவைக் கூத்தை ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். கூட ஒரு சார், பினாங்குத் தமிழர், கூத்துக்கு வாசிக்கிற வெண்கல வாத்தியங்களைப் படித்தவர். ஆவடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பேருமாக அந்தக் கூத்தை இங்கே உயிரோடு வைத்திருந்தார்கள். அங்கே பதிவு செய்து கொண்டுவந்த பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதுவார்கள், பாவைகளுக்குப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வார்கள், எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் போய் நடத்திக் காட்டுவார்கள். போக வர என் வண்டி.

சாமான் ஏற்றுவதே பெரிய பாடு. வாத்தியத்தை யாரும் தாண்டக்கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். வண்டிக்குள் அடுக்கும்போதுகூட ஒன்றின் மேல் கால் தூக்கி வைத்து அந்தப் பக்கம் போக முடியாது. தெரியாமல் ஒருநாள் தாண்டிவிட்டேன்.

"ஐயோ அண்ணே, தாண்டாதீங்க, தாண்டாதீங்க!" என்று சார் ஓடிவந்து, அந்த வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

"தாண்டினா இன்னா சார் ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. அங்கே தாண்ட மாட்டாங்க, அதனால நாமளும் தாண்ட மாட்டோம்."

ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி சொல்வாள்: "உனுக்கு நெஞ்சு கீற எடத்துல கோழிக்குஞ்சுதான்யா கீது. எப்பப் பாரு கீச்சு கீச்சுன்னுகினு." அவள் சொல்வது சரிதான். ஆனால் எனக்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு ஒரே பையன். அவனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் தங்கவில்லை. அவன் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறான். தகட்டை வைத்து இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மேலிருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அந்தக் கம்பெனிக்கு ஒருதடவை தகடு இறக்கப் போயிருந்தேன். என் பையன் மெஷின் எதிரில் உட்கார்ந்திருந்தான். இடது பட்டனில் ஒரு ஐஸ் குச்சி செருகியிருந்தது. பட்டன் அழுந்தினபடியே நின்றது. வலது கையால் மற்றதைத் தட்டுகிறான், இடது கையால் தகட்டை உள்ளே தள்ளுகிறான். கை உள்ளே போகிறது, வருகிறது, இரும்பு இறங்குகிறது. போகிறது, வருகிறது, இறங்குகிறது. நான் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். திரும்பினால் கை எங்கே இருக்கும் என்று தெரியாது. கூப்பிடாமல் வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் கேட்டேன்.

"எல்லாரும் அப்டித்தான் ஓட்டறாங்க நைனா. ரெண்டு கையாலயும் அமுக்கிகினு இருந்தா வேலை ஆவாது. சூப்பர்வைசரே குச்சி எடுத்தாந்து குடுக்கறாரு."

"கை பூட்டா?"

"பூட்டா ஒத்தக் கையால சோறு துன்றேன். நீ கம்முனு படு."

இப்படி இருக்கிற நாளில்தான் மேடம் அந்தக் கதையை எடுத்தார்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. உள்ளே மின்விசிறி ஓடாது, திரை ஆடும் என்று. திரைக்குப் பின்னால் ஒரு பெரிய பல்பு. மேடம் பாவைகளோடு அதன் கீழே உட்கார்ந்திருப்பார், சாரும் பிள்ளைகளும் வாத்தியங்களோடு சுற்றி இருப்பார்கள். சாமான் ஏற்ற வேண்டிய நாள் என்றால் நானும் ஓர் ஓரத்தில் காத்திருப்பேன். வழக்கமாகப் போர், ராஜா, கோமாளி என்று வரும். அன்றைக்கு ஒரு பெரிய உருவம். பன்றிக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு முகம், பல் வெளியே நீட்டிக்கொண்டு. பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக அதன் நிழல் பெருத்துத் திரையைத் தாண்டி மோட்டுவளைக்கு ஏறியது. அதற்கு முன்னால் ஒரு சின்னப் பையன் ஓடுகிறான். அடுப்படியில் ஒளிகிறான், மூங்கில் காட்டில் ஒளிகிறான். எங்கே போனாலும் இது வருகிறது. கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் கூத்து நடக்கிறது. பையன் அந்தக் கூத்து வாத்தியக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறான். உருவம் அங்கேயும் வந்து வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சார் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினார். மேடம் சட்டென்று மரம் மாதிரி இருக்கிற ஒரு பாவையைத் திரையின் நடுவில் குத்தி நிறுத்தினார். விளக்கைப் போட்டார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கல்லூரியில் வேறு கதையை நடத்திக் காட்டிவிட்டுத் திரும்பி வரும் வழியில் கேட்டேன். மேடம் எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார்.

"இன்னா மேடம் கதை அது? ஒருத்தன் தொரத்திகினே கீறானே?"

"அவன் பேரு காலா. நம்ம ஊரு காலன்னு வெச்சுக்குங்க அண்ணா. பொறந்ததுலேர்ந்து அடங்காத பசி. யாரையெல்லாம் சாப்பிடலாம்னு அவன் அப்பாவே அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. சோத்துப் பானையைக் கவுத்துட்டவங்க, அம்மிக் குழவியை ஒடச்சுட்டவங்க, அப்புறம் கூடப்பொறந்தவங்க இல்லாத ஒத்தப் பிள்ளை."

என் கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் கையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டே போனார்.

"கூடப் பொறந்து செத்துப்போனதுங்க கணக்குல சேருமா மேடம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பொய் சொல்ல வருவதில்லை.

"மத்ததெல்லாம் தவறி ஒண்ணே ஒண்ணு தங்கினாலும் ஒத்தப் பிள்ளைதான்னு சொல்றவங்க இருக்காங்க."

"அப்போ அந்தப் பையன் கதி?"

"தப்பிச்சுடுவான். காலனோட நெத்தியில எழுத்து இருக்கு. அதை வாசிக்கத் தெரிஞ்ச கூத்துக்காரர் எதிர்ல நின்னு வாசிச்சா அவன் அடங்கிடணும். அங்க ஒத்தப் பிள்ளை வெச்சிருக்கிறவங்க அந்தப் பிள்ளையை உக்கார வெச்சு இந்தக் கூத்தை நடத்துவாங்க. பகல்லதான் நடத்துவாங்க."

"நீங்க வாசிக்கவே இல்லியே இன்னிக்கு?"

"நான் வாசிக்கக் கூடாது. கூத்துக்காரங்க வம்சத்துல வந்த சில பேருக்குத்தான் அந்த உரிமை. நாங்க வெளியாளுங்க. உரிமை இல்லாததைத் தொடக் கூடாதுன்னுதான் அந்த இடத்தோட நிறுத்திக்கிறோம்."

நான் திருநின்றவூர் ரோடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

"நிறுத்திட்டா அவன் எங்க போவான் மேடம்?"

"யாரு?"

"அவன்தான். கூப்ட்டீங்க, வந்தான், வாசல்ல நின்னான். போன்னு யாரும் சொல்லலியே."

மேடம் சிரித்தார். "எங்கயும் போகலை அண்ணா. பெட்டிக்குள்ள போட்டு மூடியாச்சு."

"பெட்டி எங்க கீது?"

"பின்னாடி, உங்க வண்டிலதான்."

அதற்கப்புறம் அவரும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அதே. பையன் ஓடினான், ஒளிந்தான், காலன் வந்து நின்றான், மரத்தைக் குத்தினார்கள், விளக்கு. அதற்கடுத்த சனிக்கிழமையும். அம்பத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் பெரிதாக நடத்தப் போகிறார்கள் என்று விடாமல் ஒத்திகை. வாராவாரம் அவனைக் கூப்பிட்டு, பசியோடு நிற்க வைத்து, அப்படியே மூடுகிறார்கள். மரியாதைக்காகத்தான் செய்தார்கள், அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் தூக்கம் போய்விட்டது. நான் ஞானஸ்நானம் வாங்கினவன், ஜெபமாலை சொல்கிறவன், இதையெல்லாம் நம்பக்கூடாது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்று மாதா கோயில் வாசல் வரைக்கும் போய், என்ன பாவம் என்று சொல்வது எனத் தெரியாமல் திரும்பினேன்.

அந்த வாரத்தில்தான் என் பையனுக்கு அடுத்த மெஷினில் உட்காருகிற ஆளுக்கு இரண்டு விரல் போனது. வடக்கிலிருந்து வந்த பையன். மறுநாள் அந்த மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். "குச்சிய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். "வேற குச்சி வெச்சாங்க. அதுல ரத்தமாயிட்டுது" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் மேடம் வீட்டுக்குப் போனேன். சாரும் இருந்தார்.

"அம்பத்தூருக்கு வண்டி வராது மேடம். அந்தக் கதைய முடிச்சு வெச்சாதான் பெட்டிய ஏத்துவேன்."

"அண்ணா, அது ஒரு கதை."

"கதைன்னா முடிங்களேன். உங்குளுக்குக் கதைதானே?"

மேடம் சாரைப் பார்த்தார். சார்தான் பேசினார். "எனக்கும் இது உறுத்தலாத்தான் இருக்கு. அங்கே யாரும் இதைப் பாதியில விட மாட்டாங்க. ஒண்ணு தொட மாட்டாங்க, தொட்டா முடிப்பாங்க. பாதியோட நிறுத்தறதுன்னு ஒரு பழக்கத்தை நாமதான் கண்டுபிடிச்சிருக்கோம்."

"அப்படின்னா நானே வாசிக்கட்டுமா? அங்க அவங்ககிட்ட இருக்கிற ஒண்ணே ஒண்ணு அதுதான். அதையும் எடுத்துக்கிட்டு வந்து இங்க கடை போடவா?" மேடத்தின் குரல் ஏறியது. அவருக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னுடையது வேறு, அவருடையது வேறு.

முடிவில் அவர் ஜாவாவில் உரிமை உள்ள ஒரு பெரியவரிடம் பேசினார். வீடியோ காலில் அவர் வாசிப்பது, இங்கே மேடம் பாவையை ஆட்டுவது என்று ஏற்பாடு. பெரியவர் நிறையக் கேட்டாராம். வெள்ளைத் துணி, பூ, சோறு. ஒத்தப் பிள்ளை வாத்தியக்காரர்களோடு உட்கார வேண்டும். முடிந்ததும் அவன் தலைமுடியில் கொஞ்சம் வெட்டி ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார் போலிருக்கிறது. மேடம் சாருக்கு மட்டும் சொன்னார். நான் கேட்ட பிறகுதான் எனக்கும் சொன்னார்: உரிமை இல்லாதவர் வாயால் அதை வாசித்தால் காலன் பிள்ளையை விட்டுவிட்டு வாசித்தவரைப் பார்ப்பான்.

பையனைக் கூப்பிடுவது அதைவிடக் கஷ்டம்.

"இன்னா நைனா, ஜாவா பேய்க்கு நான் லீவு போடணுமா? மாதா கோச்சிக்கப் போறாங்க."

"அரை நாளுதான்டா. எனுக்காக."

"மேஸ்திரிகிட்ட இன்னான்னு சொல்றது? எங்கப்பனுக்குப் பேய் புடிச்சிருக்கு, எனுக்கு ஓட்டறாங்கன்னா?"

அவன் அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தாள். "போய்த் தொலையேன்டா. இந்தாளு நாலு நாளா ஊட்டுக்குள்ள நடந்துகினே கீறாரு. தலை சுத்துது எனுக்கு."

வந்தான். அந்தச் சனிக்கிழமை மதியம் வேலைச் சட்டையோடேயே வந்து, சாருக்குப் பக்கத்தில் வெண்கலங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். ஒன்றைத் தாண்டப் போனவனை நான் பிடித்து இழுத்துச் சுற்றி வரச் சொன்னேன். போனைத் திரைக்கு எதிரில் ஒரு முக்காலியில் நிறுத்தியிருந்தார்கள். அதில் பெரியவர், தலைப்பாகை கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு. என் பையனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். மேடம் மொழிபெயர்த்தார்: "நல்லா வளந்திருக்கான், காலனுக்கு ஒரு வேளைக்குப் பத்தும்ங்கிறார்." என் பையனும் சிரித்தான்.

ஓட்டம் நடந்தது. ஒளிந்தது நடந்தது. காலன் வந்து வாசலில் நின்றான். இந்தத் தடவை மேடம் மரத்தைக் குத்தவில்லை. போனில் பெரியவர் வாசிக்க ஆரம்பித்தார். இழுத்து இழுத்து, மூக்கிலிருந்து வருகிற குரல். திரையில் அந்தப் பெரிய உருவத்தின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறைந்த மரியேவும் சேர்த்துச் சொன்னேன்.

கரண்ட் போனது.

கறுப்புத் துணி போட்ட வீடு, பகலிலேயே குழிக்குள் இருப்பதுபோல ஆகிவிட்டது. போனில் மட்டும் வெளிச்சம். அதில் பெரியவரின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றிருந்தது. சத்தம் இல்லை. வைஃபை போய்விட்டது என்று ஒரு பிள்ளை சொன்னாள். சார் தன் போனிலிருந்து போட்டுப் பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். மறுபடி.

"எவ்ளோ வாசிச்சாரு?" என்றேன்.

"பாதி" என்றார் மேடம்.

"மிச்சம்?"

மிச்சம் மேடத்துக்குத் தெரியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எழுதி எடுத்ததே அவர்தான். பல வருஷமாக அதோடு வாழ்ந்தவர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வாசியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் தன் போனின் டார்ச்சைப் போட்டுத் திரைக்குப் பின்னால் பிடித்தார். வெளிச்சம் கீழிருந்து வந்ததால் காலன் நிழல் எழும்பி எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே கவிந்தது. என் பையன் அண்ணாந்து பார்த்தான். சிரிக்கவில்லை.

மேடம் வாசித்தார். தாழ்வாக, நிற்காமல், ஒருவர் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிடுகிற மாதிரி. முடிந்ததும் அவனைத் திரையிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றினார். சார் பெரிய சேகண்டியை ஒருதரம் அடித்தார். பெரியவர் அப்புறம் லைனுக்கு வரவேயில்லை.

முடியை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? பருத்திப்பட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கூவத்தில் போட்டேன். கூவம் ஓடவில்லை. முடி நுரைமேல் விழுந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. பையன் "வா நைனா, நாறுது" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அம்பத்தூர் நிகழ்ச்சிக்கு மேடம் வேறு கதையை எடுத்துக்கொண்டார். நானே பெட்டியை ஏற்றினேன். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் ஜுரம் வந்தவர் மாதிரி சால்வை போர்த்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

"ஒடம்பு சரியில்லியா மேடம்?"

"ஒண்ணுமில்ல அண்ணா. தூக்கமில்ல, அவ்வளவுதான்."

பெரியவரிடம் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம். பெரியவர் திட்டவில்லையாம். வெறுமனே, "உனக்காக வாசிக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாராம். இதை ஆராய்ச்சியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். வேறு என்ன செய்வது?

என் பையனோ ஆளே மாறிவிட்டான். வீட்டில் விசில். அவன் அம்மாவிடம் தலையைக் காட்டி, வெட்டின இடத்தைத் தடவச் சொல்கிறான். எனக்கும் முதலில் சந்தோஷம். திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸை எடுத்தபோது கேட்டேன்.

"இன்னைலேர்ந்து அந்தக் குச்சிய எடுத்துடுவேல்லடா?"

"எதுக்கு?"

"எதுக்கா?"

"அதான் முடிச்சு வெச்சாச்சே நைனா. அந்தம்மா எனுக்காகப் படிச்சாங்க, நான் என் கண்ணால பாத்தேன். அவன் எங்கிட்ட வர மாட்டான். இன்னும் ஸ்பீடா ஓட்டலாம்னு கீறேன்." கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் முழுக்கக் கிண்டல் இல்லை. பெற்றவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அதிலிருந்து திருமழிசைப் பக்கம் லோடு கிடைத்தால் விடுவதில்லை. கம்பெனிச் சுவரோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்காருகிறேன். உள்ளே பிரஸ் இறங்குகிற சத்தம் வெளியே கேட்கும். எது அவனுடைய மெஷின் என்று எனக்கு இப்போது காதால் தெரியும். முன்பைவிட வேகமாக அடிக்கிறது. இதை எழுதுகிற இன்று வரைக்கும் அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேடத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்படிச் சொல்லலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நடுவில் சில சமயம் சத்தம் நின்றுவிடும். தகடு தீர்ந்திருக்கும், டீ வந்திருக்கும், இல்லை யாராவது பேச்சுக் கொடுத்திருப்பார்கள். அடுத்த அடி விழும் வரைக்கும் சாவியைத் திருப்பாமல், மூச்சையும் விடாமல் நான் காதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.